வாசகர் கேள்வி–பதில்: உதவி பெறுகிறவரின் முகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு ஊருக்குள் குடிவந்துவிட்ட பழைய தோட்டக் குடும்பங்களிடமிருந்தும், பிறருக்கு உதவுவதைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே விஷயத்தைத் தொடுவதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் சபையின் மாதர் ஐக்கியம் ஒவ்வொரு டிசம்பரிலும் வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், மாவு, பால் டின் அடங்கிய பையைக் கொடுக்கிறது. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முன்னால் அழைத்துப் பையைக் கொடுத்து, படம் எடுத்து, முகநூலிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போடுகிறோம். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பதுதான் காரணம். சென்ற ஆண்டு பை வாங்கிய என் பக்கத்து வீட்டு அம்மா, கணவரை இழந்தவர், அதற்குப் பிறகு ஆலயத்துக்கே வருவதில்லை. அவருடைய மகள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். நாங்கள் செய்தது தவறா? — ஒரு வாசகி

பதில்: ஆம், அம்மா, தவறுதான். உங்கள் எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்ததனால் அந்தப் பிள்ளை பள்ளியில் பட்ட வெட்கம் குறைந்துவிடப் போவதில்லை. நம் சபைகள் பலவற்றில் இது வழக்கமாகவே ஆகிவிட்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கொடுக்கிறவர் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு மத்தேயு 6ஆம் அதிகாரமே போதும். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பெறுகிறவரின் மானத்தைப் பற்றியும் வேதம் அதே அளவு கண்டிப்போடு பேசுகிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் நிலக்காரனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுத்துவிடாமலும், சிந்திய கதிர்களைத் திரும்பிப் போய்ப் பொறுக்காமலும், அவற்றை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கட்டளை. எடுக்க வருகிறவர் யார், எந்த வீட்டுக்காரர் என்று நிலக்காரன் விசாரித்துக் குறித்துவைக்க வேண்டிய அவசியமே அந்த ஏற்பாட்டில் இல்லை. தேவைப்பட்டவர் தாமாக வந்து, தம் கையால் உழைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கட்டளையின்படி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதைதான் ரூத்தின் சரித்திரம். மோவாப் நாட்டுப் பெண்ணான அவள், கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, பிழைப்புக்காகப் போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அவள் எழுந்து பொறுக்கப் போனதும் போவாஸ் தன் வேலைக்காரர்களிடம் சொன்னது 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவள் கட்டுகளுக்கு நடுவிலும் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை யாரும் வெட்கப்படுத்தக் கூடாது என்கிறான். அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே உருவி அவளுக்காகப் போட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறான். கூடுதலாகக் கிடைத்தது தனக்கு இடப்பட்ட பிச்சை என்று அவளுக்குத் தோன்றாதபடி, அவளுடைய உழைப்பின் பலனாகவே அவள் கைக்குப் போய்ச் சேரும்படி அவன் பார்த்துக்கொண்டான். நம்முடைய டிசம்பர் நிகழ்ச்சியோ, கொடுத்ததை ஊர் முழுவதும் அறியும்படி செய்கிறது. பவுல் கொரிந்து சபையாரை எதற்காக அத்தனை கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கர்த்தருடைய பந்திக்காகக் கூடிவந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஒன்றும் இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதை அவர் தேவனுடைய சபையை அசட்டை செய்வதோடு ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 11:22).

கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயமான கவலை. பவுலுக்கும் அந்தக் கவலை இருந்தது. எருசலேமில் இருந்த எளியவர்களுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றி யாரும் குறை சொல்லாதபடி, சபைகள் நம்பிய சகோதரர்களை அந்தப் பணத்தோடு கூடவே அனுப்பியதாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அங்கே கணக்குக்குச் சாட்சியாக நின்றவர்கள் பணத்தைச் சுமந்தவர்கள். எருசலேம் ஏழைகளை யாரும் சாட்சிக்கு நிறுத்தவில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். கடை ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். இரண்டு பேர் கையொப்பமிடட்டும். இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை வெள்ளி செலவானது என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேலும் படம் வேண்டும் என்று கேட்கிற நன்கொடையாளர் இருந்தால், அடுக்கிவைத்த அரிசி மூட்டைகளின் படத்தை அனுப்புங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. ஊரில் நம்பகமான மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, ஒரு குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டால், அந்தத் தாய் மற்ற எல்லாரையும் போலக் கடைக்குப் போய்த் தன் பிள்ளைகளுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார். நீரிழிவு நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஐந்து கிலோ சீனியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் பரிதாபமும் அப்போது நேராது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று. அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் எதையும் கொண்டுபோக வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள், அவருடைய மகளிடமும் கேளுங்கள். ஆலயத்துக்கு வரும்படி அன்றைக்கே அழைக்காதீர்கள்.

கேள்வி: நான் இந்து. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவன். என் மனைவி நோயாய்க் கிடந்தபோது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவள் குணமான பிறகு வாரம் தவறாமல் வந்து, ஜெபக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். மறுத்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது. அவர்கள் செய்த உதவிக்கு இதுதான் விலையா? — ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி

பதில்: இல்லை, ஐயா. விலை என்று ஒன்று இருந்தால் அதற்குப் பெயர் உதவி அன்று. நீங்கள் யாருக்கும் எந்தக் கடனும் படவில்லை.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்குகிறார். ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறான். அவன் சமாரியன், யூதர்கள் விலக்கி வைத்த இனத்தவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், ஆனால் வராதவர்களின் சுகத்தை அவர் திரும்பப் பறிக்கவில்லை. நல்லவர்மேலும் தீயவர்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறவர் என்று தம் பிதாவைப் பற்றிச் சொன்னவர் அவர். அவருடைய பிள்ளைகள் தங்கள் உதவிக்கு நிபந்தனை வைப்பது பொருந்தாது.

கிறிஸ்தவர்களின் பழைய வழக்கமும் இதுவே. கி.பி. 362இல் ரோமப் பேரரசர் யூலியான், பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநிறுத்த முயன்றபோது, கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு மனக்குறையைச் சொல்கிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள் என்பதே அது. கிறிஸ்தவர்களை விரும்பாத ஒருவர், அவர்கள் ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை என்று எழுதிவைத்த சாட்சி அது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரின் பேராயர் பசிலியார், நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். குஷ்டரோகிகளுக்கும் அங்கே இடமிருந்தது. தமிழ்நாட்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியும் எல்லா மதத்தவரையும் நோயாளிகளாகவே ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலேயே, ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவில் மெழுகுவத்தி ஏற்றும் இந்துக்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தி எந்த மதம் என்று கேட்பதில்லை.

உங்கள் அயலாருக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தங்களுக்கு அருமையானதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்கள் உங்களை அழைப்பதில் சூது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேதுரு தம் முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது விசாரித்தால் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்கிறார். கேட்டால்தான் பதில். நோயினால் நொந்து கிடந்த வீட்டில், நன்றிக்கடன் என்ற சுமையோடு இருப்பவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டால், அவரால் மனம் திறந்து இல்லை என்று சொல்லவும் முடியாது, முழு மனத்தோடு ஆம் என்று சொல்லவும் முடியாது. ஆகவே அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்: "நீங்கள் செய்ததை மறக்க மாட்டேன், வீட்டுக்கு எப்போதும் வாருங்கள், என் சாமியை நான் கும்பிட்டுக்கொள்கிறேன்." உங்கள் மேல் உண்மையான அன்பு கொண்டவர்கள் அதற்குப் பிறகும் வந்து உங்களோடு தேநீர் குடிப்பார்கள். இதைப் படிக்கும் சபையார், அப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளன். எங்கள் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் இந்தோனேசியத் தொழிலாளர்களும் தங்கியிருக்கிறார்கள். குலை வெட்டும்போது மட்டை விழுந்து ஒருவருக்குத் தோளில் பலத்த அடி. வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறார். உதவ மனம் இருக்கிறது. அவர் முஸ்லிம் என்பதால், மதம் மாற்றப் பார்க்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு மண்டோர்

பதில்: தம்பி, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ சட்டம் இயற்றலாம் என்று நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது விதியின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பசித்தவருக்குச் சோறு கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. துண்டுப்பிரசுரமும் பிரசங்கமும் இல்லாமல், பகலில், நாலு பேர் பார்க்கக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் வீட்டில் சமைத்ததைக் கொடுத்து அவரைத் தர்மசங்கடத்தில் விடாமல், மலாய்க்காரர் கடையிலோ மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் கடையிலோ வாங்கிக் கொடுங்கள். அல்லது அரிசி, முட்டை, பருப்பு, காய்கறியை அப்படியே கொடுத்து, லயத்தில் இருப்பவர்களே சமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஆனால் சாப்பாட்டைவிடப் பெரிய உதவி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அவருக்கு அடிபட்டது வேலை நேரத்தில். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல், முறையான அனுமதியோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலையிட விபத்துக் காப்புறுதி உண்டு. முதலாளி அந்த விபத்தைத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எங்கே, எந்த நேரத்தில், எப்படி அடிபட்டது என்று சொல்ல ஒருவர் வேண்டும். மொழி தெரியாத அந்தத் தொழிலாளியால் இதில் ஒன்றையும் தனியே செய்ய முடியாது. மண்டோராகிய நீங்கள் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி, எழுத்தில் பதிவு செய்ய வைத்தால், அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது சேரும். அப்போது அவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூலிக்காரன் உன் சகோதரனானாலும் உன் ஊரில் இருக்கும் அந்நியனானாலும் அவனை ஒடுக்காதே, பொழுது சாய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிடு என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதத்துக்கு 1,700 ரிங்கிட் என்று சட்டம் ஆகியிருக்கிறது. அது வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். பிறருடைய கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இவற்றில் குறை கண்டால் ஆள்பல இலாகாவுக்கு (தொழிலாளர் துறைக்கு) போகும் வழியை அவர்களுக்குக் காட்டுங்கள். சம்பளத்தில் பிடித்ததை டிசம்பரில் அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுப்பதைக் கிறிஸ்தவ அன்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த லயத்தில் நம் தாத்தா பாட்டிமார் இருந்தார்கள். ரஜூலா கப்பலில் வந்து இறங்கி, கங்காணி காட்டிய இடத்தில் படுத்து, துரை பேசுவது புரியாமல் விழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்நியனை உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்று லேவியராகமம் 19:34 இஸ்ரவேலருக்குச் சொன்னதை, மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் தம் சொந்தக் குடும்பக் கதையாகவே படிக்கலாம்.

கேள்வி: என் தம்பிக்குக் குடிப்பழக்கம். மாதாமாதம் பணம் கேட்டு வருகிறான். கொடுக்காவிட்டால், நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவளா என்று கேட்கிறான். கொடுத்தால் அன்றைக்கே சம்சுக் கடைக்குப் போகிறது. நான் என்ன செய்வது? — ஓர் அக்காள்

பதில்: பணமாகக் கொடுக்க வேண்டாம், அம்மா. அதனால் உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் தகப்பன் தூரதேசத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. மகன் திரும்பி வருவது தெரிந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைப் பேருந்துக்காரரிடமும், மின்சாரக் கட்டணத்தை நேரடியாகவும் நீங்களே கட்டிவிடுங்கள். தம்பிக்கு உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தட்டுச் சோறு இருக்கட்டும். குடியை விட வேண்டும் என்று அவரே ஒருநாள் சொன்னால், அன்றைக்கே வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்கு அவரோடு நீங்களும் போங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் ஆபத்தான நிலைக்குப் போகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவரைப் பற்றிச் சபையில் ஜெபக் குறிப்பாகப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், தனியே ஜெபியுங்கள்.

கேள்வி: நாங்கள் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். கையில் அதிகப் பணமில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஏதேனும் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டி, பாட்டுப் பாடி, பெரிய அளவில் ஓர் ஊழியம் செய்ய நினைக்கிறோம். ஆலோசனை சொல்லுங்கள். — வாலிபர் ஐக்கிய உறுப்பினர்கள்

பதில்: பிள்ளைகளே, உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் டிசம்பரில் இல்லங்களுக்கு வருகிறவர்கள் ஏராளம். ஒரே நாளில் இரண்டு மூன்று குழுக்கள் வந்து, பிள்ளைகள் களைத்துப்போகும் அளவுக்குக் கேக் வெட்டப்படுகிறது. பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் வயதும் பலமும் வேறோர் இடத்தில் மிகவும் தேவைப்படுகின்றன.

நம் ஊரில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர்கள் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். முடிந்து வெளியே வரும்போது தலைசுற்றல், சோர்வு. தோட்டத்துக்குள்ளேயும் புறம்போக்கு நிலத்திலும் வீடு வைத்திருக்கிறவர்களுக்குப் பேருந்து கிடையாது. வாடகைக் காருக்கு ஒவ்வொரு தடவையும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்கிறார்கள். சிறப்பு மருத்துவருக்காக ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். உங்கள் வீட்டு மைவி காரும், உங்களில் நான்கைந்து பேரின் முறைப்பட்டியலும் போதும். ஒரு நோயாளியின் ஆண்டு முழுவதும் மாறிவிடும்.

இதில் பாட்டும் இல்லை, பதாகையும் இல்லை. நல்ல சமாரியன் உவமையில் நாம் பெரும்பாலும் அவன் காயம் கட்டிய இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த நாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறான். மத்தேயு 20ஆம் அதிகாரத்தின்படி ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. ஆக அது இரண்டு நாள் சம்பளம். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். வழியில் கண்ட ஒருவனுக்காகத் திரும்பி வருகிற பொறுப்பையும் அவன் ஏற்றுக்கொண்டதை லூக்கா எழுதாமல் விடவில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். முதலில் ஒரே ஒரு நோயாளி போதும். மூன்று பேரை ஏற்றுக்கொண்டு மார்ச் மாதத்தில் இருவரைக் கைவிடுவது, தொடங்காமல் இருப்பதைவிடக் கொடியது. உங்கள் சபையார்தானா என்று பார்க்க வேண்டாம். டயாலிசிஸ் மையத்துத் தாதியரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, போக்குவரத்து இல்லாமல் தவிக்கிறவர் யாராவது இருந்தால் அவருடைய சம்மதத்தோடு சொல்லும்படி கேளுங்கள். முதல் நாள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அவருடைய நேரத்தையும், காரில் முன்னால் உட்கார வசதியா பின்னாலா என்பதையும், பேச விருப்பமா, சும்மா இருக்க விருப்பமா என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எண்ணெய்க் காசு என்று ஐந்து வெள்ளி நீட்டினால், சில சமயம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் உரிமை அவருக்கும் உண்டு. தேர்வோ வேலையோ குறுக்கிட்டு ஒருவரால் வர முடியாத நாளில் மாற்று ஆள் யார் என்பதை முந்தின இரவே புலனத்தில் முடிவு செய்துவிடுங்கள், விடியற்காலை நான்கரை மணிக்கு அவர் வாசலில் செருப்போடு காத்திருப்பார்.